பாட்டு இருக்கு, பேரு எங்கே?

தோழர்களே,

கல்லூரி விடுதியில், இயக்க அலுவலகத்தில், பறைப் பயிற்சி நடக்கிற இடத்தில் நம் பிள்ளைகளின் சட்டையில் ஒரு முகம் அடிக்கடி தென்படுகிறது. சடைமுடி, சிரிப்பு, உதட்டோரம் புகை. “யாருப்பா இவரு?” என்றால் “பாப் மார்லி, தெரியாதா?” என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். நல்லது. “அவருக்கு முன்னாடி யாரு பாடினது? கூட யாரு பாடினது? அந்த மேளத்தை அடிச்சது யாரு?” என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த மௌனம் தானாக வந்ததல்ல, தயாரிக்கப்பட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் பாட்டை உலகம் முழுக்க விற்றுவிட்டு, பாடியவர்களின் பெயரை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வர முடியும். ரெக்கே இசையின் கதை பாதிக்கு மேல் இதுதான். அந்தக் கதையை ஒரு பாட்டுத் தொகுப்பை முன்வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறோம். தொகுப்பது யார், எதைச் சேர்க்கிறார், எதை விடுகிறார், யார் பேரைப் போடுகிறார், யாருக்குக் காசு போகிறது – இவை இசை ரசிகர்களின் கவலை மட்டுமல்ல. அதிகாரம் பற்றிய கேள்விகள்.

1993-இல் ஐலன்ட் நிறுவனம் தன் ‘மேங்கோ’ பிரிவின் வழியாக ஒரு பெட்டி வெளியிட்டது. 4 குறுந்தகடுகள், 95 பாட்டுகள். பெயர் ‘டஃபர் தேன் டஃப்’. முரட்டிலும் முரடு என்று சொல்லலாம். 1967-இல் டெரிக் மார்கன் பாடிய ஒரு பாட்டின் பெயர் அது. நீதிமன்றத்தில் நிற்கிற கிங்ஸ்டன் சேரிப் பையன்களைப் பற்றியது. ஜமைக்க இசையின் முப்பத்தைந்து ஆண்டுக் கதையை ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெக்கே, டான்ஸ்ஹால் என்று வரிசைப்படுத்திச் சொல்லும் தொகுப்பு. தொகுத்தவர் ஸ்டீவ் பாரோ என்கிற இங்கிலாந்துக்காரர். எல்லோரும் அறிந்த வெற்றிப்பாட்டும் இருக்கிறது. ஜமைக்காவுக்கு வெளியே யாரும் சீந்தாமல் கிடந்த பாட்டும் அதன் தோளோடு தோள் உரசி நிற்கிறது.

தொகுப்பு தொடங்குவது ‘ஓ கரோலினா’ என்ற பாட்டில். முடிவதும் அதே ‘ஓ கரோலினா’வில். முதலில் வருவது 1960 வாக்கில் ஃபோக்ஸ் சகோதரர்கள் பாடியது. கடைசியில் வருவது 1993-இல் ஷாகி பாடி இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முப்பது வருசம் கழித்து ஒரு பாட்டு உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அடுத்து நடந்ததையும் கேளுங்கள். இந்தப் பாட்டை எழுதியது நான்தான் என்று இரண்டு பேர் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நின்றார்கள். ஒருவர், அன்று அதைப் பதிவு செய்த தயாரிப்பாளர் பிரின்ஸ் பஸ்டர். மற்றவர், பாடிய சகோதரர்களில் ஒருவரான ஜான் ஃபோக்ஸ். 1994-இல் தீர்ப்பு ஜான் ஃபோக்ஸ் பக்கம் வந்தது. சின்ன வயசில் தான் கட்டிய பாட்டு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு மனிதருக்கு முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பாட்டு உலகத்தைச் சுற்றியதால் வழக்காவது வந்தது. சுற்றாமல் கிடக்கும் பாட்டுக்கு எந்தக் கோர்ட்டு?

அந்தப் பாட்டுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்ல அந்த மண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேண்டும்.

ஜமைக்காவை 1655-இல் ஆங்கிலேயன் ஸ்பானியனிடமிருந்து பிடுங்கினான். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு இழுத்துவந்த மக்களின் ரத்தத்தில் கரும்பு விளைந்தது. அடிமைகள் மேளம் கொட்டக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மேளச்சத்தம் கலகத்துக்குச் சேதி சொல்லிவிடும் என்ற பயம். பறையை அறிந்தவர்களுக்கு இந்தப் பயத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1834 ஆகஸ்ட் 1-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் ‘தொழில் பழகுதல்’ என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் அதே தோட்டத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நட்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? முதுகில் கசையடி வாங்கியவனுக்கு ஒரு பைசா கிடையாது. அடிமைகளை ‘இழந்த’ எசமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் தீர்ந்தது. அதாவது ஜமைக்காவிலிருந்து லண்டன் போய்ப் பஸ் ஓட்டிய, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கறுப்பர்களும், தங்கள் பாட்டன் பாட்டியை உடைமையாக வைத்திருந்தவனுக்குக் கொடுத்த நட்டஈட்டுக்கு வரி கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் இசைத்தட்டுக் கணக்கும் புரிந்துவிடும்.

அடிமைகள் போனதும் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்கு ஏற்றிப் போனார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாகவும், ஒரு பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகவும் போனது. ‘கஞ்சா’ என்ற சொல் ஜமைக்காவுக்குப் போனது இவர்களோடுதான். ராஸ்தஃபாரி இயக்கத்தின் முதல் போதகர்களில் ஒருவரான லெனர்டு ஹோவெல் ‘மராக்’ என்று முடியும் ஒரு புனைபெயரில் எழுதினார். நம் பக்கத்து ‘மகராஜ்’ அங்கே போய்த் தேய்ந்த வடிவம். கரும்புக் காட்டில் இரண்டு கண்டத்து ஏழைகள் கலந்ததற்கு இவை மிச்சமிருக்கும் தடயங்கள்.

1930-இல் எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி பேரரசராக முடிசூடினார். வெள்ளைக்காரச் சாமியையே கும்பிட்டு வந்த ஜமைக்க ஏழைகளில் ஒரு பகுதியினர் ‘எங்க சாமி கறுப்பு’ என்று எழுந்தார்கள். ராஸ்தஃபாரி அப்படிப் பிறந்தது. அந்த அரசன் தன் நாட்டு உழவர்களுக்கு நல்ல அரசனாக இருந்தானா என்று கேட்கலாம்; கேட்க வேண்டும். 1974-இல் அவரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆனால் ‘நான் கேவலமில்லை’ என்று சொல்ல ஒரு மக்கள் கூட்டத்துக்கு எங்கிருந்தோ ஒரு பிடி தேவைப்படுகிறது. அந்தப் பிடியைத்தான் அவர்கள் பற்றினார்கள். ஹோவெலை ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். 1940-இல் அவர் அமைத்த ‘பின்னக்கிள்’ குடியிருப்பை 1954-இல் போலீஸ் அழித்தது. ஆங்கிலேயன் போய்ச் சுதந்திரக் கொடி ஏறியது 1962 ஆகஸ்டில். எட்டே மாதத்தில், 1963 ஏப்ரலில், கோரல் கார்டன்ஸ் சம்பவத்தைச் சாக்காக வைத்து ராஸ்தாக்களை வேட்டையாடியது சுதந்திர நாட்டின் போலீஸ். அடித்தார்கள், சிறையில் அடைத்தார்கள், சடையை வெட்டினார்கள். பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2017-இல், 54 வருசம் கழித்து. கொடி மாறிய மறுநாளே லத்தி மாறுவதில்லை என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

இப்போது ‘ஓ கரோலினா’வுக்குத் திரும்புவோம். கிங்ஸ்டனின் கிழக்கே வாரிக்கா குன்றுப் பக்கம் முகாம் போட்டிருந்தவர் கவுண்ட் ஓசி. ராஸ்தா மேளக்காரர். பாஸ், ஃபண்டே, ரிப்பீட்டர் என்று மூன்று வகை மேளம். அடிமைக் காலத்திலிருந்து வந்த புரு மேள மரபின் தொடர்ச்சி. ‘நாகரிக’ ஜமைக்காவுக்கு அந்த மேளம் அழுக்கு, கஞ்சாக்காரன் சத்தம், வானொலிக்கு ஆகாதது. அந்த மேளத்தைக் கூப்பிட்டுவந்து பதிவு அறையில் உட்காரவைத்தவர் பிரின்ஸ் பஸ்டர். ‘ஓ கரோலினா’வின் அடியில் ஓடுகிற அந்த மேளம்தான் பிற்பாடு வந்த ரெக்கேயின் நாடித்துடிப்பு. பஸ்டரும் கிங்ஸ்டன் தெருவில் வளர்ந்த ஏழை. பெரிய மனுசங்க தொட மறுத்த மேளத்தைத் தொட்ட துணிச்சல் அவருடையது. பாடியவனின் உரிமையை எதிர்த்துக் கோர்ட்டில் நின்றதும் அதே மனிதர்தான். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒருவன் முதலாளியாகும்போது என்ன நடக்கிறது என்பதை நாமும் கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும்.

பெயர் எப்படிக் காணாமல் போனது? அதற்கு ஒரு தொழில்முறையே இருந்தது.

1950-களில் ஏழைகளால் பெரிய நடன அரங்குக்குப் போக முடியாது. தெருவில், புல்வெளியில் ‘சவுண்ட் சிஸ்டம்’ வந்தது. நம்ம ஊர் மைக்செட் மாதிரி, ஆனால் ஆள் உயரப் பெட்டிகள். கிளமென்ட் ‘காக்சன்’ டாட், முன்னாள் போலீஸ்காரர் டியூக் ரீட் இருவருக்கும் கடும் போட்டி. அமெரிக்காவிலிருந்து நல்ல இசைத்தட்டு வாங்கிவந்தால், போட்டிக்காரன் கண்டுபிடித்து வாங்கிவிடாதபடி லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். பாடியவன் பேர் போயிற்று, பாட்டின் பேரும் போயிற்று. வில்லிஸ் ஜாக்சன் என்கிற அமெரிக்கக் கறுப்புக் கலைஞர் வாசித்த ஒரு தட்டு கிங்ஸ்டனில் ‘காக்சன் ஹாப்’ என்று செட்டுக்காரர் பேரிலேயே ஓடியது. அப்புறம் அவர்களே உள்ளூரில் பாட்டுப் பதிவு செய்ய ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாடியவனுக்குக் கையில் கொஞ்சம் காசு; அத்தோடு முடிந்தது. வாத்தியக்காரர்களுக்குக் கூலி. அவர்கள் போட்ட ஒரு தாளக்கட்டை, அங்கே ‘ரிதிம்’ என்பார்கள், திரும்பத் திரும்ப எடுத்து அதன்மேல் வேறு வேறு ஆளைப் பாடவைப்பார்கள். காக்சனின் ஸ்டுடியோ ஒன்னில் 1967-இல் சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்த ‘ரியல் ராக்’ அப்படி நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமானது. வாசித்த விரல்களுக்குக் கிடைத்தது அன்றைய கூலி.

சட்டம் என்ன செய்தது? சுதந்திரம் வந்து முப்பது வருசம் ஆகியும் ஜமைக்காவில் இருந்தது 1911-ஆம் வருசத்து ஆங்கிலேயர் காப்புரிமைச் சட்டம்தான். சொந்தச் சட்டம் வந்தது 1993-இல். அந்தத் தொகுப்பு வெளியான அதே வருசம்! முப்பத்தைந்து வருசப் பாட்டு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாடியவனுக்குச் சட்டம் வந்து சேர்ந்தது.

ஆனாலும் பாட்டு வந்தது. எங்கிருந்து? கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளி. அநாதைகள், வீட்டுக்கு அடங்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஏழைப் பையன்களின் இடம். அங்கே பேண்டு வாத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங், டான் டிரம்மண்ட் என்று ஸ்கடலைட்ஸ் குழுவின் தூண்கள் நாலு பேர் அங்கிருந்து வந்தவர்கள். பழுதான ரேடியோவைச் சரிசெய்து பிழைத்த ஆஸ்போர்ன் ருடாக், வாட்டர்ஹவுஸ் பகுதியில் தன் சின்ன அறையில் உட்கார்ந்து, பதிவான பாட்டிலிருந்து குரலை உருவி, தாளத்தை மிதக்கவிட்டு, எதிரொலி சேர்த்து ‘டப்’ என்ற ஒரு புதுக் கலையையே செய்தார். உலகம் அவரைக் கிங் டப்பி என்று அறிகிறது. 1989-இல் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். மைக்கில் தாளத்துக்கு மேல் பேசிப் பாடும் முறையை யு-ராய் போன்றவர்கள் வளர்த்தார்கள். கிங்ஸ்டனில் பிறந்து 1967-இல் நியூயார்க் போன ஒரு பையன் பெரிய பெட்டி வைத்து ஆட்டம் நடத்தும் பழக்கத்தைப் பிராங்ஸ் பகுதிக்குக் கொண்டுபோனான். அவன்தான் கூல் ஹெர்க். 1973-இல் ஹிப்-ஹாப் பிறந்தது அவன் நடத்திய ஆட்டத்தில். இன்று நம் சேரிப் பிள்ளைகள் ராப் பாடுகிறார்களே, அதன் வேரில் ஒன்று கிங்ஸ்டன் சேரியில் இருக்கிறது.

தொகுப்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்லி 1981 மே 11-இல், 36 வயதில் இறந்தார். 1984-இல் ‘லெஜண்ட்’ என்ற தொகுப்பு வந்தது. 14 பாட்டு. 2 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. வெள்ளைக்கார வீடுகளுக்குள் பயமில்லாமல் எது நுழையும் என்று சந்தையை விசாரித்துத் தேர்ந்தெடுத்தார்கள். எழுந்து நில் என்கிற பாட்டு ஒன்றிரண்டு உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காதலும் ஆறுதலும்தான் முன்வரிசை. ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகளை அட்டையில் போட்டு 1979-இல் வந்த ‘சர்வைவல்’ என்ற இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டுகூட அந்த 14-இல் இல்லை. அதிலிருந்த ‘சிம்பாப்வே’ பாட்டைக் காட்டில் துப்பாக்கி தூக்கிய விடுதலைப் போராளிகள் பாடினார்கள். 1980 ஏப்ரலில் அந்த நாடு விடுதலை பெற்ற இரவில், சொந்தச் செலவில் கருவிகளைக் கொண்டுபோய் அந்த மண்ணில் மார்லி பாடினார். நிறவெறியை எதிர்த்து 1963-இல் ஐ.நா. சபையில் ஹெய்லி செலாசி பேசிய பேச்சையே பாட்டாக்கிய ‘வார்’, அதுவும் இல்லை. போராளியைப் பாதியாக வெட்டி, சிரிக்கிற பாதியை மட்டும் விற்றார்கள். நம் பிள்ளைகளின் சட்டையில் இருப்பது அந்தப் பாதி முகம்.

‘டஃபர் தேன் டஃப்’ அப்படிச் செய்யவில்லை. அதில் மார்லி ஒரு பெருங்கூட்டத்தில் ஒருவர். அவருக்கு முன்னால் யார், பக்கத்தில் யார், பின்னால் யார் என்று காட்டுகிறது. ஒரு தனி ‘மகானை’ அது ஒரு மக்களின் பாட்டுக்குள் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறது. எந்தப் பாட்டு யார் பாடியது, யார் தயாரித்தது, எந்த வருசம் என்று குறிப்பேடு சொல்கிறது. ஸ்டீவ் பாரோ அதோடு நிற்கவில்லை. 1993-இல் மான்செஸ்டரில் ‘பிளட் அண்ட் ஃபயர்’ என்ற சிறு நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கினார். கேட்பாரற்றுக் கிடந்த பதிவுகளை உரிமை பெற்று, பழைய படங்களோடும் விரிவான குறிப்போடும் வெளியிட்டார்கள். 1977-இல் லீ பெரியின் பிளாக் ஆர்க் கூடத்தில் காங்கோஸ் குழு பாடிய ‘ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்’ என்ற தட்டைப் பெரிய நிறுவனம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. 1996-இல் இவர்கள் மறுபடி வெளியிட்ட பிறகுதான் அது ரெக்கேயின் உச்சங்களில் ஒன்று என்று உலகம் ஒப்புக்கொண்டது. பத்தொன்பது வருசம்! பாட்டு மாறவில்லை, கேட்கவைக்க ஆள் வந்தது, அவ்வளவுதான். ‘கேட்கப்படாத பாட்டு’ என்று ஒன்று கிடையாது தோழர்களே. கேட்க விடாத பாட்டுத்தான் உண்டு.

இந்த நல்ல தொகுப்பையும் கேள்வி கேட்காமல் விட முடியாது. வேலை நேர்மையானது, அதை மதிக்கிறோம். ஆனால் பெட்டியின் உரிமையாளர் யார்? ஐலன்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர் தோட்ட முதலாளிக் குடும்பத்தில் வந்த வெள்ளை ஜமைக்கர் கிறிஸ் பிளாக்வெல். 1989-இல் அதுவும் பாலிகிராம் என்ற பன்னாட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. கிங்ஸ்டன் சேரியில் பிறந்த பாட்டு லண்டனில் பெட்டியாகி, சேரிக்காரன் வாங்க முடியாத விலைக்குப் போகிறது. இங்கிலாந்தில் ரெக்கே விற்ற ‘டிரோஜன்’ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லீ காப்தால், இந்திய வம்சாவளி ஜமைக்கர். 1969 முதல் ‘டைட்டன் அப்’ என்ற மலிவு விலைத் தொகுப்பு வரிசையை அவர்கள் வெளியிட்டார்கள்; வேலைக்குப் போகிற பிள்ளைகள் வாங்க முடிந்தது. விலை வைப்பதும் அரசியல்தான்.

அடுத்தது பெண்கள். 95 பாட்டில் பெண்குரல் மிகக் குறைவு. பெண்கள் பாடவில்லையா? அனிதா மஹ்ஃபூட், மேடைப் பெயர் மார்கரிட்டா. புகழ்பெற்ற நடனக்காரி. கவுண்ட் ஓசியின் மேளம் இல்லாமல் மேடை ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, ராஸ்தா மேளத்தைப் பெரிய அரங்கத்துக்குள் நுழையவைத்தவர். தானே பாட்டுக் கட்டிப் பதிவும் செய்தார். 1965 புத்தாண்டு நாளில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றவர், கூட வாழ்ந்த டான் டிரம்மண்ட். அந்த மாபெரும் டிராம்போன் கலைஞர் மனநோய் விடுதியில் 1969-இல் இறந்தார். டிரம்மண்டின் சோகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், மார்கரிட்டாவை அந்தச் சோகத்தின் ஒரு அடிக்குறிப்பாக ஆக்கிவிட்டுப் போகிறார்கள். கொலையுண்டவளுக்கும் ஒரு கலை இருந்தது.

1982-இல் சிஸ்டர் நான்சி ‘பம் பம்’ பாடினார். உலகத்தில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட ரெக்கே பாட்டுகளில் ஒன்று. முப்பது வருசத்துக்கு மேல் அவருக்கு ராயல்டி வரவில்லை. அமெரிக்காவுக்குப் போய் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2014-இல் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரத்தில் தன் குரலைத் தானே கேட்ட பிறகுதான் உரிமை கேட்டுக் கிளம்பினார். ஒரு பங்கை மீட்டார். மறந்துவிட வேண்டாம்: ஆண் பாடகனுக்குக் கணக்கு ஏமாற்றப்பட்டது, பெண்ணுக்குக் கணக்கே எழுதப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதலைப் பாட்டுக்குள்ளேயே விலங்கும் இருக்கும். புஜு பான்டன் பாடி 1992-இல் வெளியான ‘பூம் பை பை’ ஒருபால் ஈர்ப்பாளர்களைக் கொல்லச் சொல்கிற பாட்டு. பல ஆண்டுகள் எதிர்ப்புக்குப் பிறகு அதைப் பாடுவதை விட்டார். ‘அது எங்க பண்பாடு’ என்று சொல்லி அதை நியாயப்படுத்தினால், சாதிக்காரன் தன் சாதியை நியாயப்படுத்துவதற்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஒடுக்கப்பட்டவன் பாட்டு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது.

சரி, மாற்று வழியே இல்லையா? இருந்திருக்கிறது. ஸ்டுடியோ ஒன்னில் கூலி போதாமல் வெளியேறிய மார்லியும் பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் 1966 வாக்கிலேயே ‘வெய்ல் அண்ட் சோல்’ என்று சொந்தமாக நிறுவனம் தொடங்கித் தங்கள் தட்டுகளைத் தாங்களே கொண்டுபோய் விற்றார்கள். நட்டப்பட்டார்கள், ஆனால் பாடம் கற்றார்கள். ‘நோ உமன் நோ கிரை’ பாட்டின் ஆசிரியர் என்று இன்றும் தட்டில் இருக்கிற பெயர் வின்சென்ட் ஃபோர்டு. டிரெஞ்ச்டவுன் சேரியில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மனிதர். தன் பசிக்குச் சோறு போட்டவருக்கு அந்த வருமானம் போகட்டும் என்றே மார்லி அப்படிச் செய்தார் என்று சொல்கிறார்கள். பெயர் போடுவது என்பது வெறும் மரியாதை இல்லை, சோறு. உலகம் முழுக்கப் பெயரைச் சுரண்டி எடுத்த தொழிலுக்கு நடுவில் இப்படியும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

ஜமைக்காவில் 1952-இல் பிறந்து பதினொரு வயதில் லண்டன் போன லின்டன் குவேசி ஜான்சன், பள்ளியில் படிக்கும்போதே பிரிட்டனின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்தில் சேர்ந்தார். சேரி மொழியிலேயே கவிதை எழுதி ரெக்கே தாளத்தில் படித்தார். 1981 ஜனவரியில் நியூகிராசில் பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் தீப்பிடித்து 13 கறுப்பு இளைஞர்கள் செத்தபோது, அரசும் பத்திரிகைகளும் காட்டிய அலட்சியத்தைப் பாட்டில் பதிவு செய்தார். அதே வருசம் தன் பெயரிலேயே சொந்த நிறுவனம் தொடங்கினார். 1972-இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குத் ‘தலித் பேந்தர்ஸ்’ என்று பெயர் வைத்ததும் அதே சிறுத்தையைப் பார்த்துத்தான். ஆக, இது வேறு யாரோ ஒருவருடைய பாட்டு இல்லை. ஒரே காலத்தில் கிளம்பிய ஒரே உறுமலின் வேறு வேறு தொண்டைகள்.

2018-இல் யுனெஸ்கோ ரெக்கேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். அடிக்கிறபோது ‘அவன் சத்தம்’. விற்கிறபோது ‘அனைவரின் மரபு’. ‘அனைவருடையது’ என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: அப்படியானால் ராயல்டியும் அனைவருக்குமா?

தோழர்களே, இந்த இதழைப் படிக்கிற உங்களில் பலர் கைப்பேசியில் பாட்டுப் பதிவு செய்கிறீர்கள். ஆய்வுக்காக ஊர் ஊராய்ப் போய் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் சேகரிக்கிறீர்கள். மேடையில் பறையடிக்கிறீர்கள், யூடியூபில் ஏற்றுகிறீர்கள். கிங்ஸ்டன் கற்றுத்தரும் பாடம் உங்களுக்குத்தான். பாட்டி பாடினால் ‘மக்கள் பாடல்’ என்று போட்டுவிட்டு உங்கள் பேரைத் ‘தொகுப்பாசிரியர்’ என்று போட்டுக்கொள்ளாதீர்கள். மக்களுக்குப் பேர் உண்டு. யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள், யாரிடம் கற்றார் என்று அங்கேயே எழுதுங்கள். காசு வந்தால் பாதி யாருக்கு என்று பாடுவதற்கு முன்னாலேயே பேசுங்கள். பெண்கள் பாடியதை முதலில் பதியுங்கள். கடைசியில் இடம் இருந்தால் சேர்க்கலாம் என்று வைக்காதீர்கள். பதிவை ஒரு கம்பெனியின் கையில் மட்டும் விட்டுவிடாமல் பாடியவர் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். சங்கடமான பாட்டையும் மறைக்காதீர்கள், சேர்த்து, விவாதியுங்கள்.

நம்ம பாட்டை எவனோ ஒருநாள் பெட்டியில் போட்டு விற்பான். அது நடக்கும். அன்றைக்குப் பெட்டிக்குள் நம் பேர் இருக்குமா என்பது இன்றைக்கு நாம் எழுதுகிற குறிப்பேட்டில் இருக்கிறது.

மார்லி சட்டையைக் கழற்ற வேண்டாம் தம்பி, போட்டுக்கோ. அடுத்த தடவை யாராவது ‘யாருப்பா இவரு?’ன்னு கேட்டா, அவரு பேரோட நிறுத்தாதே. கவுண்ட் ஓசி, மார்கரிட்டா, ஜான் ஃபோக்ஸ், சிஸ்டர் நான்சி, வின்சென்ட் ஃபோர்டுன்னு பின்னாடி நிக்கிற அத்தனை பேரையும் சொல்லு.

– ஆசிரியர் குழு